பைய இறங்கு

ஜூலை 7, திங்கள்

ஜன்னலோரக் கட்டில் இந்த வருஷமும் எனக்குத்தான். மூணு பேர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். ஜன்னலுக்கு நேர் கீழ வாலிபால் கோர்ட். விடுதி மணி அடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே பனி அங்க போய்த் தனியா குதிச்சுக்கிட்டு இருப்பா. திடும். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது, காத்து மட்டும். திரும்பவும் திடும். அந்தச் சத்தம் என் தூக்கத்துக்குள்ள வந்து எதாவது வேஷம் கட்டிக்கும். இன்னைக்குக் கனவுல யாரோ தென்னை மரத்துல இருந்து தேங்காயா வெட்டிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் பாவாடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். ஒண்ணுகூட மடியில விழல. முழிச்சுப் பாத்தா பனி.

டைரி எழுதினா முன்னப்பின்ன தெரியாத ஆளு படிச்சாலும் புரியணும்னு தமிழ் டீச்சர் சொல்லியிருக்காங்க. அதனால முறையாச் சொல்லுதேன். நான் இசக்கிராணி, பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூட டீமுக்கு லிஃப்டர். லிஃப்டர்னா அடிக்கிறவளுக்குத் தோதாப் பந்தைத் தூக்கிக் குடுக்கிறவ. பேரு அவளுக்கு, விரல் வீக்கம் எனக்கு. பனிங்கிறது பனிமயம். கடற்கரை ஊர்க்காரி, என் வகுப்புதான், டீமோட அட்டாக்கர். அவ எழும்பி அடிச்சுட்டு இறங்கினா கூட்டம் மொத்தமும் "திடும்!"னு கத்தும். அவளுக்குப் பேரே அதுதான். "ஏல, திடும் போறா"ன்னு பயலுக சைக்கிளை நிறுத்திப் பாப்பானுக. என்னை யாரும் சைக்கிளை நிறுத்திப் பாத்ததில்ல. அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல.

செப்டம்பர்ல மண்டல ஃபைனல். அதுக்கு ஒரு காலேஜ் கோச் வாராராம். அவருக்குப் பிடிச்சுப்போனா சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. இல்லைன்னா பனியோட படிப்பு பிளஸ் டூவோட சரி. அவ அப்பா போன வாரம் கருவாட்டுப் பொட்டலத்தோட வந்தப்ப அதைத்தான் சொல்லிட்டுப் போனாரு. கருவாட்டை வார்டன் மேடம் பறிமுதல் பண்ணிட்டாங்க. சாயங்காலம் அவங்க ரூம்ல இருந்து பொரிக்கிற வாசம் வந்துச்சு.

ஜூலை 12, சனி

போன வருஷம் இதே கோர்ட்லதான் உச்சிமாகாளி அக்காவுக்கு முட்டி போச்சு. யாரும் இடிக்கல, யாரும் தள்ளல. எழும்பி இறங்கினாங்க. கால் தரையில நின்னுச்சு, உடம்பு மட்டும் திரும்பிச்சு. சுள்ளி ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம். முட்டிக்குள்ள எலும்பைக் கட்டிப் பிடிச்சிருக்கிற நார் அறுந்துபோச்சுன்னாங்க. ஆபரேஷன் ஆச்சு. அவங்களுக்குச் சொல்லியிருந்த காலேஜ் சீட்டு வேற பிள்ளைக்குப் போச்சு. இப்ப டவுன்ல ஜவுளிக்கடையில சுடிதார் மடிச்சுக்கிட்டு இருக்காங்க.

அதனாலதான் ஹெச்.எம். திருநெல்வேலியில இருந்து நூருன்னிசா மேடத்தைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. மேடம் பிசியோதெரபிஸ்ட். விளையாடுற பிள்ளைகளுக்கு முட்டி போகாம இருக்க என்ன செய்யணும்னு சொல்லித்தர வந்தாங்களாம். "போகாம இருக்கவா? போனப்புறம்தானே வைத்தியம்?"னு பனி என் காதுல சொன்னா.

மத்தியானம் ஒவ்வொருத்தியையா எழும்பி இறங்கச் சொல்லி மேடம் செல்போன்ல படம் பிடிச்சாங்க. சாயங்காலம் சாப்பாட்டு ஹால் சுவத்துல அதைப் போட்டுக் காட்டினாங்க, ரொம்ப மெதுவா ஓடவிட்டு. அது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. நாங்க எல்லாரும் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி மிதக்குதோம். ஜடை தனியா எழும்புது, நின்னு யோசிக்குது, அப்புறம் பைய முதுகுல வந்து படுக்குது. என் மூஞ்சியைப் பாத்து எல்லாரும் சிரிச்சாளுக. சிரிப்புக்கூட மெதுவாக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

அடுத்து பனி வந்தா. அவ்வளவு உயரம். அவ அங்கேயே தங்கிடுவாளோன்னு தோணிச்சு. தங்கட்டுமேன்னும் தோணிச்சு. அப்புறம் இறங்கினா. ரெண்டு காலும் உலக்கை மாதிரி விறைப்பா வருது. தரையைத் தொட்டதும் இடது முட்டி உள்பக்கமா, வலது முட்டியைப் பாத்து ஒரு சாய்வு சாயுது. கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சுபோகும். மேடம் சரியா அந்த இடத்துல நிறுத்திட்டாங்க.

"இதைப் பாருங்கம்மா. உச்சிமாகாளிங்கிற பொண்ணோட பழைய மேட்ச் வீடியோவையும் பாத்தேன். இதேதான்."

"எனக்கு வலிக்கவே இல்ல மேடம்"னா பனி.

"அவளுக்கும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் வலிக்கல."

சுவத்துல பனி முட்டியைச் சாய்ச்சுக்கிட்டு அப்படியே நிக்கா.

ஜூலை 14, திங்கள்

"யாரும்மா உங்களை இப்படி விறைப்பா இறங்கச் சொன்னது?"ன்னு மேடம் கேட்டதுக்கு நாங்க எல்லாரும் பி.டி. சாரைப் பாத்தோம். சார் வேப்பமரத்தைப் பாத்தாரு.

செல்லப்பாண்டி சார் பட்டாளத்துல இருந்தவரு. எங்க பள்ளிக்கூடம் சுதந்திர தின மார்ச் பாஸ்ட்ல வருஷா வருஷம் ஷீல்டு வாங்கும். "கால் விழுற சத்தம் ஹெச்.எம். ரூம் வரைக்கும் கேக்கணும்!"னு சார் கத்துவாரு. முட்டி மடங்கினா முதுகுல விசில் கயிறு விழும். மார்ச் போறதும் விடுதிப் பிள்ளைக, வாலிபால் ஆடுறதும் விடுதிப் பிள்ளைக. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே போச்சு. சத்தம் வந்தாத்தான் ஒழுங்கா இறங்கினதா அர்த்தம்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

மேடம் சொல்லுறது நேர் எதிர். முன்பாதம் முதல்ல தொடணும், அப்புறம் குதிகால். முட்டியும் இடுப்பும் மடங்கணும், முட்டி கால் விரலைப் பாத்து நிக்கணும், உள்ள சாயக்கூடாது. சத்தம் வந்தா அத்தனையும் முட்டி வாங்கிக்கிடுதுன்னு அர்த்தமாம். அதோட தினமும் ஆட்டத்துக்கு முன்னாடி, உடம்பு களைக்கிறதுக்குள்ள, கொஞ்சம் பயிற்சி. ஒத்தைக்கால்ல நிக்கணும், அதுக்குக் கொக்குன்னு பேர் வச்சோம். ஒருத்தி முட்டி போட, இன்னொருத்தி அவ குதிகாலைப் பிடிக்க, முட்டி போட்டவ பைய முன்னால சாயணும், தொடைப் பின்பக்கம் பலமாகுமாம். அது சாஷ்டாங்கம். மேடைப்படியில இருந்து சத்தமில்லாம குதிக்கிறது பூனை.

"ஊசி போட்டா வர்ற பலம் இல்லம்மா இது. பழக்கம். ரெண்டு மாசமாவது விடாம செஞ்சாத்தான் உடம்பு தானாக் கேக்கும்"னாங்க. "நான் திரும்ப வர்ற வரைக்கும் யார் பாத்துக்குவீங்க?"ன்னு கேட்டுட்டு என்னைக் கை காட்டினாங்க. லிஃப்டருக்குத்தான் எல்லார் காலும் கண்ணுல படுமாம்.

எனக்குப் பெருமையா இருந்துச்சு. இதை யாருக்கும் சொல்லல.

ஜூலை 17, வியாழன்

ஒருத்தியும் செய்யல.

ஜூலை 24, வியாழன்

ஆடிக்காத்து கோர்ட் மணலையெல்லாம் வாரி எங்க தட்டுல போடுது. இன்னைக்குச் சாம்பார் நறநறன்னு இருந்துச்சு.

நான் "கொக்கு!"ன்னு சொன்னா "கொக்கரக்கோ"ன்னு கத்துறாளுக. சாஷ்டாங்கம்னா என் கால்ல விழுந்து "ஆசீர்வாதம் பண்ணும்மா தாயே"ங்கிறாளுக. எல்லாத்துக்கும் தலைவி பனி. அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கெஞ்சினேன்.

"ஏட்டி, பைய இறங்குட்டி. முட்டியை மடக்கினா உனக்கு என்ன குறைஞ்சா போகும்?"

"பேரு குறையும்"னா. "சத்தம் இல்லாம இறங்கினா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? போ ஏட்டி, நீயும் உன் பூனையும்."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. ஆனா கண்ணு சிரிக்கல. அப்புறம், இன்னைக்கு வியாழக்கிழமைதான்னாலும், அடுத்த புதன்கிழமை விடுதியில போடுற முட்டையில மஞ்சக்கரு எனக்குத்தான்னு ஞாபகப்படுத்தினா. அவளுக்கு மஞ்சக்கரு ஆகாது, எனக்கு வெள்ளைக்கரு ஆகாது. ஆறாம் வகுப்புல இருந்து இப்படித்தான் மாத்திக்கிடுதோம்.

ஜூலை 28, திங்கள்

எனக்குக் கோவம் வந்தா எங்க ஊர் இசக்கியம்மன் வந்த மாதிரின்னு எங்கம்மா சொல்லுவா. இன்னைக்கு வந்துச்சு.

டீமுல எனக்குப் பவுசு இல்லதான். ஆனா என் விரலைத் தொடாம எந்தப் பந்து அடிக்கிறவகிட்ட போகும்? கோர்ட் நடுவுல நின்னு சொன்னேன்: "இன்னையில இருந்து இறங்குற சத்தம் என் காதுல விழுந்தா அவளுக்கு அடுத்த பந்து கிடையாது. எவளா இருந்தாலும் சரி."

சிரிச்சாளுக. சங்கரகோமதி, பத்தாம் வகுப்புப் பிள்ளை, தம்முனு இறங்கினா. அடுத்த பந்தை வேற பக்கம் தூக்கினேன். பனி திடும்னு இறங்கினா. அவளுக்கும் இல்ல. கொஞ்ச நேரத்துல ஒருத்தியும் சிரிக்கல. சார் விசிலை வாயில இருந்து எடுத்துட்டு, "என்ன நடக்கு இங்க?"ன்னாரு. சொன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. "கோர்ட்டுக்குள்ள லிஃப்டர் உத்தரவுதான் உத்தரவு"ன்னுட்டு மறுபடியும் வேப்பமரத்தைப் பாக்கப் போயிட்டாரு.

பனி மசியல, அதுக்கப்புறம் இன்னைக்கு முழுக்க அவளுக்கு ஒரு பந்து போகல. இடுப்புல கை வச்சுக்கிட்டு நெட்டு பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. பாத்தா பாக்கட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

வழிக்கு வந்துட்டாளுக! கொக்கு நிக்காளுக, சாஷ்டாங்கம் விழுறாளுக. கோமதி இறங்கினா பூ விழுந்த மாதிரி இருக்கு. சாயங்கால வெயில்ல எல்லாரும் எழும்பி எழும்பிச் சத்தமில்லாம இறங்குறதைப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத் தூக்கம் சொக்குது. அந்தச் சுவத்துப் படத்துக்குள்ளயே வந்து குடியிருக்கிற மாதிரி இருக்கு.

பனியும் பைய இறங்குறா. ஒரு பந்து, ரெண்டு பந்து. நான் அசந்த நேரம் பாத்துத் திடும். "கை தவறிப்போச்சு"ங்கா. கால் தவறினதுக்குக் கை என்ன செய்யும்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஷீல்டு எங்களுக்குத்தான். ரெண்டு வாரமாச் சிமெண்டு தரையில காலைலயும் சாயங்காலமும் மிதி மிதின்னு மிதிச்சதுக்குக் கிடைச்சுது. பனிதான் கொடி பிடிச்சு முன்னால போனா. அழகா இருந்தா. அவ மிதிச்ச மிதியில மைதானத்துப் புறா எல்லாம் ஒண்ணாக் கிளம்பி வானத்துல ஒரு சுத்து சுத்திட்டு வந்துச்சு. ஜிலேபி குடுத்தாங்க. ரெண்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பனி மாடிப்படியில பக்கவாட்டாத் திரும்பி இறங்குறா. "என்னட்டி நண்டு மாதிரி?"ன்னேன். "கடற்கரைக்காரி பின்ன மாடு மாதிரியா இறங்குவா?"ன்னா. கட்டில் பக்கம் தைல வாசனை. ஜெபத்துல முட்டி போடாம பெஞ்சுல உக்காந்திருந்தா. சோம்பேறி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மத்தியானம் இயற்பியல் வகுப்புல ஒரு கனவு. பனி எழும்புறா. நான் தூக்கின பந்து மேல நிக்கி, அவ அதையும் தாண்டிப் போறா. இறங்கவே இல்ல. நாங்க எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கோம். மணி அடிக்குது, சாப்பாடு ஆறுது, வார்டன் மேடம் வருகைப் பதிவேடு எடுக்காங்க. "பனிமயம்?" "மேல இருக்கா மேடம்." "சரி, வந்ததும் கையெழுத்துப் போடச் சொல்லு." எனக்கு மட்டும் பயமா இருக்கு. எப்ப இறங்குவா, எப்படி இறங்குவான்னு காதைத் தீட்டிக்கிட்டே நிக்கேன்.

டீச்சர் சாக்பீஸால எறிஞ்சாங்க. சரியா நெத்தியில. அவங்களை டீமுல சேக்கலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளைக்கு ஃபைனல். பனி எனக்குத் தலை பின்னிவிட்டா. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் உன் சட்டத்தை மூட்டை கட்டி வையிட்டி. கோச் பாக்க வாராரு. எனக்கு எல்லாப் பந்தும் வேணும்"னா.

"பைய இறங்கு, எல்லாம் தாரேன்"னேன்.

ஜடையை ஒரு இழு இழுத்தா. இன்னும் வலிக்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

தோத்துட்டோம். நான்தான் தோக்கடிச்சேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நடந்ததை நடந்தபடி எழுதுதேன்.

ஆளுக்கொரு செட்டு எடுத்துக் கடைசி செட்டுக்கு வந்துட்டோம். இடையில சார் கூப்பிட்டப்ப எல்லாரும் அவரைச் சுத்திக் குத்தவச்சோம். பனி மட்டும் நின்னா. "வேர்க்குது"ன்னா. வேர்க்கிறதுக்கும் உக்காருறதுக்கும் என்ன சம்பந்தம்? அவ இடது காலை அப்பத்தான் நேராப் பாத்தேன். முட்டிக்கு மேல சாக்ஸை வெட்டி இறுக்கி மாட்டியிருக்கா. அதுக்குக் கீழ முட்டியோட குழி ரெண்டும் காணாமப்போய் மொழுமொழுன்னு இருந்துச்சு.

படி. தைலம். பெஞ்சு. எனக்கு எல்லாம் ஒண்ணா ஞாபகத்துக்கு வந்துச்சு. கண்ணு இருந்தும் குருடியா இருந்திருக்கேன்.

"சார்கிட்ட சொல்லுதேன்"னேன்.

"சொன்னே, செத்தே"ன்னா பனி. விசில் அடிச்சுட்டாங்க.

பதிமூணுக்குப் பதிமூணு ஆக்கினது அவதான். என்ன அடி! இறங்கினா பாருங்க, திடும்! கூட்டம் எழுந்து நின்னு "திடும், திடும்"னு கத்துது. காலேஜ் கோச் கண்ணாடியைத் துடைச்சுப் போடுறாரு. பனி நெட்டுக் கம்பத்தை ஒரு கையால பிடிச்சா. வேற யாரும் அதைப் பாக்கல. அடுத்த பாயிண்ட் அவங்களுக்குப் போச்சு. இன்னும் ஒண்ணு போனா ஆட்டமே அவங்களுக்கு.

அப்புறம் பந்து வந்துச்சு, என் தலைக்கு நேர, கேட்டு வாங்கின மாதிரி. எல்லாமே மெதுவாயிடுச்சு, அந்தச் சுவத்துப் படம் மாதிரி. பனி ஓடி வாரா. "இசக்கீ!"ன்னு வாயைத் திறக்கா, சத்தம் எனக்குக் கேக்கல. அவ முட்டி மட்டும் தெரியுது. அது உள்ள சாய்ஞ்சு சாய்ஞ்சு வருது. பந்து என் விரல்ல வந்து உக்காந்துச்சு. நான் முதுகுப் பக்கமா, கோமதிக்குத் தூக்கிட்டேன்.

கோமதி எதிர்பாக்கல, பாவம். நெட்டுல அடிச்சா. அப்புறம் பைய, ஒரு சத்தமும் இல்லாம, ரொம்ப ஒழுங்கா இறங்கினா.

பஸ்ஸுல சார் மட்டும் கேட்டாரு, "ஏன் அவளுக்குத் தூக்கல?" "சட்டம் சட்டம்தானே சார்"னேன். பொய். பயந்துட்டேன். அவ்வளவுதான். அப்புறம் அவ முட்டியைப் பத்திச் சொன்னேன். சார் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஐஸ் வாங்கிட்டு வந்தாரு. அவரே தரையில உக்காந்து கைக்குட்டையில சுத்தி அவ முட்டியில வச்சாரு.

அப்பத்தான் பனி பேசினா. என்னைப் பாத்து, எல்லார் முன்னாலயும்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி."

செப்டம்பர் 13, சனி

நூருன்னிசா மேடம் வந்தாங்க. ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு. நார் அறுந்துபோகல. இழுபட்டிருக்கு. நல்லாத் தேறுற வரைக்கும் குதிக்கக்கூடாது, அப்புறம் சின்ன உயரத்துல இருந்து ஒண்ணொண்ணா, கேட்டுக் கேட்டுத்தான்.

மேடம் கிளம்பும்போது கேட் வரைக்கும் பின்னாலயே போனேன். "மேடம், நான் அந்தப் பந்தை அவளுக்குத் தூக்கியிருந்தா அறுந்திருக்கும்தானே?"

ஆமான்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அதை வாங்கிட்டுப் போய்ப் பனிகிட்ட காட்டலாம்னு நினைச்சேன்.

"தெரியாதும்மா"ன்னாங்க. "அறுந்திருக்கலாம். ஒண்ணும் ஆகாம பாயிண்ட்டும் கிடைச்சிருக்கலாம். நடக்காம போனதை ஸ்கேன்ல எல்லாம் பாக்க முடியாது. என் வேலையே அப்படித்தான், யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டாங்க."

என் கன்னத்தைத் தட்டிட்டு பஸ் ஏறிட்டாங்க. ரோட்டுல நின்னு அழுதேன். வாட்ச்மேன் தாத்தா பாத்துட்டுப் பாக்காத மாதிரி கேட்டுக்கு எண்ணெய் போட்டாரு.

செப்டம்பர் 21, ஞாயிறு

பரீட்சை. பனி பேசல. புதன்கிழமை மஞ்சக்கருவைத் தட்டு ஓரத்துல வச்சுட்டு எழுந்து போயிட்டா. காக்கா தூக்கிட்டுப் போச்சு.

காலைல சத்தம் இல்லாம எனக்குக் கனவே வரமாட்டேங்குது. வெறுமனே தூங்கி எழுந்திரிக்கேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலாண்டு லீவு. பனி அப்பா வந்து அவ டிரங்குப் பெட்டியையே தூக்கிட்டுப் போனாரு. பத்து நாள் லீவுக்கு எவளாவது பெட்டியைக் கொண்டுபோவாளா? அவர்கிட்ட "வாங்க மாமா"ன்னேன். "ஆடாத காலுக்கு விடுதி எதுக்கு, அங்கன பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும்"னு வார்டன் மேடத்துகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. பனி ஆட்டோவுல ஏறினா. திரும்பிப் பாக்கல.

சார் வந்து பக்கத்துல நின்னாரு. அந்தக் காலேஜ் கோச் போன் பண்ணினாராம். கடைசிப் பந்து ஏன் அந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டாராம். சார் சொன்னாராம். பனி கால் தேறினா ஜனவரியில கூட்டிட்டு வாங்க, இன்னொரு தடவை பாக்கேன்னாராம்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"சொன்னேன். எதுவும் சொல்லல."

அவ வரமாட்டா. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பனி கட்டில்ல மெத்தை சுருட்டினபடியே கிடக்கு. புதுசா ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வந்து, "அக்கா, இந்தக் கட்டில் காலியா?"ன்னு கேட்டுச்சு. "இல்ல"ன்னு நான் கத்தின கத்துல அது அழுதுட்டு. பாவம், நாளைக்கு மிட்டாய் வாங்கிக் குடுக்கணும்.

சாயங்காலம் கோர்ட்ல கொக்கு, சாஷ்டாங்கம், பூனை எல்லாம் நடந்துச்சு. சாரே நின்னு நடத்தினாரு. ஒருத்தி தம்முனு இறங்கினதுக்கு, "ஏ பிள்ள, பைய!"ன்னாரு. அந்த மனுஷன் வாயில இருந்து அந்த வார்த்தை வந்துச்சு. பனி இருந்து கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

எங்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல. வந்தா போதும்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலைல முழிப்பு வந்துட்டு. மணி அடிக்கல. கண்ணைத் திறக்காம காது குடுத்துக்கிட்டுக் கிடந்தேன். கடைசி பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் கோர்ட்ல இருப்பாளே. ஒரு திடும் கேட்டாப் போதும், தேங்காயோ மேளமோ எதாவது கனவுக்குள்ள போயிருவேன்.

ஒண்ணும் இல்ல. வேப்பமரத்துல காத்து. எங்கயோ பால்காரரோட சைக்கிள் மணி. திரும்பவும் ஒண்ணும் இல்ல. சரி, வரல, முடிஞ்சுது கதைன்னு போர்வையைத் தலைக்கு மேல இழுத்தேன்.

அப்பத்தான் யாரோ நெட்டுக் கயிறை இழுத்துக் கட்டுற மாதிரி கிரீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. காத்துக்கு அப்படிக் கேக்காது. எழுந்து ஜன்னல்ல எட்டிப் பாத்தேன்.

வெளிச்சம் இன்னும் சரியா வரல. மேடைப்படியில இருந்து ஒருத்தி குதிக்கா. முட்டி மடங்குது, இடுப்பு மடங்குது, கை ரெண்டும் முன்னால வந்து நிக்கி. திரும்ப ஏறுறா. திரும்பக் குதிக்கா. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. கனவுதான் இதுவும்னு நினைச்சு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுப் பாத்தேன். கம்பி ஜில்லுனு இருந்துச்சு.

செருப்புகூடப் போடாம ஓடினேன்.

"எப்பட்டி வந்தே?"

"ராத்திரி பஸ்ஸு. நீ வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தே."

"உங்க அப்பா?"

"கத்தினாரு. நானும் கத்தினேன். ஜனவரி வரைக்கும்னு விட்டுருக்காரு."

"இது எங்க படிச்சே?"ன்னு மேடைப்படியைக் காட்டினேன்.

பனி மூஞ்சியைச் சுளிச்சா. "எங்க அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கால்ல. பிள்ளையை வாசல் முத்தத்துல தொட்டில் கட்டிப் போட்டிருக்கா. மேடம் சின்ன உயரத்துல குதிக்கலாம்னு போன்ல சொன்னாங்க. முத்தத்துப் படியில குதிச்சேன். முதல் குதியிலயே பிள்ளை வீல்னு முழிச்சுட்டு. எங்கம்மா விளக்குமாத்தை எடுத்துட்டா. ரெண்டாவது குதி, திரும்ப வீல். அந்தப் பிள்ளை உன்னைவிட மோசம்ட்டி. நீயாவது பந்துதான் தரமாட்டே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்து மூக்கு ஒழுகிச்சு.

"அன்னைக்கு ஒண்ணும் ஆயிருக்காது, தெரியுமா"ன்னா பனி. "அந்தப் பந்தை நான் அடிச்சிருப்பேன். ஜெயிச்சிருப்போம்."

"ஆயிருக்கலாம்"னேன்.

"ஆகாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்"னேன்.

குனிஞ்சு தன் முட்டியைத் தொட்டுப் பாத்தா. குழி ரெண்டும் திரும்ப வந்திருந்துச்சு. அப்புறம் பந்தை எடுத்து என் வயித்துல எறிஞ்சா.

"மேடம் ஒண்ணு ரெண்டு மட்டும் அடிக்கலாம்னுருக்காங்க, ரொம்ப எழும்பாம. தூக்கு."

தூக்கினேன். அவளுக்குன்னே தூக்குற உயரம், நெட்டுக்கு ஒரு முழம் தள்ளி. பந்து அந்த மங்கல் வெளிச்சத்துல மேல போய் நின்னுச்சு. பனி ஓடி வந்தா. எழும்பினா. அதுக்கு மேல பாக்க எனக்குத் தைரியம் இல்ல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

பந்து அந்தப் பக்கம் மணல்ல விழுந்த சத்தம் கேட்டுச்சு. இன்னும் கண்ணைத் திறக்காம காத்துக்கிட்டே நின்னேன்.

"என்னட்டி சாமி கும்பிடுதே?"ன்னா பனி. "நான் இறங்கி எம்புட்டு நேரமாச்சு."